காற்று வகை ஆள்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் அத்தானும் நலம்தானே? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

போனிலேயே விசாரிக்கலாம்தான். ஆனால் நீ எடுத்த மறுநிமிஷம் அத்தான் அதைப் பிடுங்கிக்கொள்வார். அன்றைக்கு அவர் ஏலம் விட்ட பீரோ, கட்டில், கால் உடைந்த மேஜை எல்லாவற்றின் ஜாதகத்தையும் கேட்ட பிறகுதான் வைக்க முடியும். அதனால்தான் நமக்குக் கடிதம்.

எங்கள் கம்பெனியில் பயிற்சி வகுப்பு நடக்கிறது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்களுக்கு என்ன பயிற்சி, மோட்டாரா, கேபிளா என்று கேட்பாய். அதெல்லாம் இல்லை. மனிதர்களோடு எப்படிப் பேசுவது என்று! போன வருஷம் வந்த புகார்களில் பாதி லிஃப்டைப் பற்றியே இல்லை, எங்கள் ஆட்கள் பேசிய விதத்தைப் பற்றித்தான். சூப்பர்வைசர் என்கிற முறையில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் சொல்வது என்னவென்றால், உலகத்தில் மனிதர்கள் நாலே வகை. வெயில் வகை சுள்ளென்று பேசும், அவர்களிடம் முடிவை மட்டும் சொன்னால் போதும். மழை வகை எல்லாவற்றையும் தேக்கிவைத்து ஒருநாள் கொட்டும். காற்று வகை ஓயாமல் பேசும். மண் வகை வைத்த இடத்தில் இருக்கும், நோண்டக்கூடாது. எதிராளி என்ன வகை என்று தெரிந்துகொண்டால் சண்டையே வராதாம். கேட்கக் கேட்க, இத்தனை வருஷம் கண்ணைக் கட்டிக்கொண்டு பேசியிருக்கிறோமே என்று தோன்றியது.

நான் வெயில். நீ சந்தேகமில்லாமல் மழை. அத்தான் காற்று, அதுவும் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்ற வேண்டிய காற்று. அவருக்கென்று ஒரு வழி கற்றுக்கொண்டேன். காற்று வகை ஆளை முழுதாகப் பேசவிடக்கூடாது. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதுமே நீ முடித்துவிட வேண்டும். அப்போதுதான் அடங்குவார். செய்து பார்த்துவிட்டு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. இங்கே எல்லாம் ஓடுகிறது. முட்டி என்னோடு பழகிவிட்டது.

அத்தானுக்குக் கொஞ்ச நாளாகத் தொண்டை சரியில்லை. ஏலக்கூடத்துக்குப் போகவில்லை. ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போனும் ரிப்பேர், அதனால் கூப்பிட வேண்டாம்.

நீ எழுதியதை அவருக்கும் படித்துக் காட்டினேன். அந்த நாலு வகையில், பேசாமல் இருக்கிறவர்களை எதில் சேர்ப்பது என்று உன் பயிற்சியாளரைக் கேட்டுச் சொல். சும்மாதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தபாலட்டை அளவுகூட இல்லை. இருந்தாலும் வந்ததே, சந்தோஷம். நான் சௌக்கியம்.

அத்தான் பேசக்கூடாதா! ஏலக்கூடத்தில் அன்றைக்கு லீவு விட்டிருப்பார்களே! நீ கொஞ்ச நாள் காதுக்கு ஓய்வு கொடு. இப்படி ஒரு வாய்ப்பு மறுபடியும் வராது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: பேசாதவர்கள் மண் வகை. அதற்கு எங்கள் கம்பெனியிலேயே ஒரு ஆள் இருக்கிறார். 'தந்தி' என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக். திக்குவாய். ஒரு வார்த்தை வரும், அப்புறம் இடைவெளி, அப்புறம் பாதி வார்த்தை. இந்த மாதம் நடந்த இரண்டாவது வகுப்பில் ஒவ்வொரு சூப்பர்வைசரும் ஒரு வகையை நடித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். எனக்கு மண். நான் தந்தியையே செய்துவிட்டேன்.

ஒரு அம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு போன் செய்கிறார். தந்தி இந்தப் பக்கம் எடுக்கிறார். "ப... ப... பய... பயப்ப..." என்று நான் கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். "பயப்படாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் சரியாகி, அந்த அம்மா வீட்டுக்குப் போய், சமைத்து, சாப்பிட்டுத் தூங்கிவிட்டார் என்று முடித்தேன். அக்கா, கூடமே குலுங்கியது. பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தந்தி இரண்டாவது வரிசையில்தான் இருந்தார். அவரே சிரித்தார்.

அதற்காக அவரைச் சும்மா விட்டுவிடவில்லை. மண் வகைக்கு ஏற்ற இடம் எது என்று யோசித்து, வெளி வேலையிலிருந்து எடுத்து உதிரிபாகக் கிடங்கில் போட்டுவிட்டேன். யாரோடும் பேச வேண்டியதில்லை, நிம்மதியாக இருக்கலாம். கற்றுக்கொண்டதைக் கையோடு பயன்படுத்திவிட்டேன் பார்த்தாயா!

இதை அத்தானுக்கு நன்றாக நடித்துப் படித்துக் காட்டு. தொண்டை வலித்தாலும் சிரிப்பார்.

தம்பி


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

போன கடிதத்துக்கே பதில் இல்லையென்றால், நலமா என்று மறுபடி கேட்க யோசனையாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

கோபமா? நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. மழை வகை இப்படித்தான் தேக்கிவைக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்போது உன் முகம்தான் ஞாபகம் வந்தது. அம்மா இறந்த வருஷமும் நீ இப்படித்தான் இருந்தாய். எதுவானாலும் கொட்டிவிடு. நான் தாங்குவேன். அத்தானாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். பேசத்தான் கூடாது, எழுதக்கூடாதா?

இங்கேயும் ஒருவருக்கு நல்லது செய்தால் விளங்குவதில்லை. தந்தி பத்து நாள் லீவு போட்டார். திரும்பி வந்ததும் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருக்கும் என்மேல் என்ன வருத்தம் என்று தெரியவில்லை.

பதில் போடு.

தம்பி


ஏப்ரல் 26

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இரு. எங்களைப் பற்றி உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கடிதம்.

அத்தானுக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை. ஜனவரி மாதம் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் சரிந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை சரியாக வரவில்லை. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது. வார்த்தைதான் வருவதில்லை. போன் ரிப்பேர் இல்லை, நான்தான் கழற்றி வைத்தேன். மணி அடித்தால் இவர் கை தானாகப் போனை எடுக்க நீளும், அப்புறம் என்னைப் பார்ப்பார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஜாடையில் சத்தியம் வாங்கிக்கொண்டார். சுவரில் இருக்கும் உன் கல்யாணப் படத்தைத் தொட்டு, முக்கியமாக இவனுக்குக் கூடாது என்றார். உனக்கு அவர் எப்போதும் பேசுகிற அத்தானாகவே இருக்க வேண்டுமாம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். மார்ச் மாதத் தொடக்கத்தில், பழகிய வாய்க்குப் பழகிய வார்த்தை வரும் என்று சொல்லி, மேஜையைத் தட்டி, "ஏலம் விடுங்க பாக்கலாம்" என்றாள். உன் அத்தான் கொஞ்ச நேரம் தவித்தார். அப்புறம் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்றார். பழைய குரலில்! நான் சமையலறையில் கரண்டியோடு நின்றுவிட்டேன். அதற்குமேல் வரவில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டில் விளக்கு ஏற்றினது போல இருந்தது. தினமும் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வாரம்தான் உன் மார்ச் மாதக் கடிதம் வந்தது. உன் கடிதத்தை நான் முன்கூட்டிப் படிப்பதில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகத்தான் படிப்பேன். நாங்கள் இரண்டு பேரும் அதற்குக் காத்திருப்போம். ஏலக்கூடத்துக்கு லீவு என்று நீ எழுதியதற்குக்கூட ஒரு பக்க வாயால் சிரித்தார். அப்புறம் அந்த 'ப... ப...' வந்தது. நிறுத்தினேன். அவர் தாளைத் தட்டி, படி என்று ஜாடை காட்டினார். கடைசி வரை படித்தேன். கூடமே குலுங்கியது என்பதையும் படித்தேன்.

அன்றையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தது நான்தான்.

அக்கா


மே 2

அக்கா,

கடிதத்தைப் பஸ்ஸில் பிரித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து, "சார், வண்டி இதுக்கு மேல போகாது" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

'உனக்குத் தெரியாது' என்று நீ எழுதியதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். பிடித்துக்கொள்ள முடியவில்லை. அத்தானைப் பற்றித்தான் எனக்குத் தெரியாது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி நன்றாகத் தெரியும்.

நான் வரட்டுமா? லீவு கேட்டுவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர் முன்னால் நிற்க வேண்டும்.

தம்பி


மே 15

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இப்போது வராதே. நீ வருகிறாயாம் என்று அவரிடம் சொன்னேன். எழுந்து போய் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நாள் போகட்டும்.

நீ உன்னையே போட்டு அடித்துக்கொள்வாய் என்று தெரியும். என் லட்சணத்தையும் கேள். ஏலக்கூட முதலாளி பழக்கூடையோடு பார்க்க வந்தார். நான் வாசலிலேயே நின்று, "அவர் தூங்கறாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அத்தான் பக்கத்து அறையில் சட்டை மாற்றி, தலை வாரி உட்கார்ந்திருந்தார். முதலாளி குரல் கேட்டதும் அவராகவே தயாராகியிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தபோது சீப்பு கையில் இருந்தது. அவர் பேசமுடியாமல் தவிப்பதை மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்காக இல்லை. எனக்காக.

இன்னொன்றும் இருக்கிறது. வாக்கியத்தை நீயே முடித்துவிடு என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதை நான் நிஜமாகவே செய்து வந்திருக்கிறேன். நீ சொல்வதற்கு முன்னாலிருந்தே. அவர் 'த' என்றால் தண்ணீர் கொண்டு வந்து வைப்பேன். அவரும் குடிப்பார். ஒருநாள் குடித்து முடித்துவிட்டு, எழுந்து போய் அலமாரியிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு வந்தார். எத்தனை தலையணைக்குத் தண்ணீர் குடித்தாரோ! கொடுத்ததை வாங்கிக்கொள்கிற மனுஷராக அவரை ஆக்கியிருக்கிறேன்.

அந்த மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தாயா? நீ எழுதவில்லை.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உடம்பால் நலம். அத்தான் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று எழுது.

பார்த்தேன். நீ கேட்ட பிறகும் இத்தனை நாள் அந்த மெக்கானிக்கைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். கடைசியில் கிடங்குக்குள் போனேன். மேலே ஒரே ஒரு குழாய் விளக்கு, சுற்றிலும் கிரீஸ் வாசனை, தகர அடுக்குகள். அவர் கதவு ரோலர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைத் திக்கல் போடாமல் எழுதுகிறேன். அதை இனி எழுத்தில்கூடச் செய்யமாட்டேன். அந்தப் பட்டப்பெயரும் இனி என் வாயில் வராது.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. "கதவைச் சாத்திட்டு வந்து சொல்றீங்க" என்றார்.

"என்னங்க?"

"சிரிச்சப்ப கதவு தொறந்துதான் இருந்துச்சு. கம்பெனியே இருந்துச்சு. இப்ப நீங்களும் நானும் மட்டும் இருக்கோம்."

அப்போது என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "நீங்களும்தான சிரிச்சீங்க!" மன்னிப்புக் கேட்கப் போனவன் கேட்ட கேள்வி.

"வேற என்ன பண்ணுவேன்? அழுதிருந்தா அதையும் ஒருநாள் நடிச்சிருப்பீங்க" என்றார்.

அவர் ஒரு பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தம்மா உங்களுக்கு போன் பண்ணாங்கல்ல?"

அக்கா, இதை உனக்கு எழுதாமல் விட்டுவிட்டேன். லிஃப்டில் மாட்டிய அந்த அம்மா கதையை நான் கட்டவில்லை. நிஜமாக நடந்தது. கதவைத் திறக்கும்வரை இவர் போனை வைக்காமல் பேசியிருக்கிறார். மறுநாள் அந்த அம்மா என்னை அழைத்து, "அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினாரு, நானும் கூடவே மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டேன், பயம் போயிடுச்சு. அவருக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க" என்றார். நான் சொல்லவே இல்லை. அதை நடித்துக் காட்டியபோதும் சொல்லவில்லை. அதை விட்டால்தான் சிரிப்பு வரும். அது தெரிந்தேதான் விட்டேன். அந்த அம்மா இவரைப் பிறகு தெருவில் பார்த்துத் தானே சொல்லியிருக்கிறார்.

"ஆமா, பண்ணாங்க" என்றேன்.

"என்னைத் திரும்ப வெளி வேலைக்கு அனுப்புங்க. மன்னிப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்று அடுத்த பெட்டியை எடுத்தார்.

மறுநாள் அனுப்பிவிட்டேன். அது சுலபமாக இருந்தது. கதவைத் திறந்து வைப்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

தம்பி


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

மாதக் கூட்டம் நேற்று நடந்தது. மேனேஜர் பேசி முடித்ததும் நான் எழுந்து முன்னால் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே நின்றதும் ஒன்றும் வரவில்லை. "மார்ச் மாசம்..." என்று ஆரம்பித்தேன். மறுபடியும் "மா..." என்றேன்.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு இரண்டு மூன்று பேர். நான் மறுபடியும் நடிக்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள், அக்கா. நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்த மெக்கானிக் இரண்டாவது வரிசையில் அதே இடத்தில் இருந்தார். சிரிப்புக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்தை மார்ச் மாதமும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"இது நடிப்பு இல்ல" என்றேன். அடங்கினார்கள். அந்த அம்மா போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். அதை மறைத்துவிட்டுத்தான் உங்களையெல்லாம் சிரிக்க வைத்தேன், அவரைக் கிடங்கில் போட்டதும் அவருக்கு நல்லது செய்வதற்காக இல்லை, அவர் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டாம் என்றுதான் என்று சொன்னேன். இதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் கை தட்டவில்லை, நல்லவேளை.

கூட்டம் முடிந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. மாற்றல் மனுவைத் திரும்ப வாங்கவும் இல்லை. மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கமாட்டேன்.

இதை அத்தானுக்குப் படிப்பதும் படிக்காததும் உன் விருப்பம். இந்தத் தடவை முதலில் நீ படித்துவிடு.

தம்பி


ஜூலை 17

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். முட்டிக்கு ஒரு எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள், வாசனைதான் தாங்கவில்லை.

முதலில் படிக்கவில்லை. வழக்கம்போல அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரித்தேன். அவரிடம் மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது. கேட்டு முடித்ததும் தாளை இடது கையால் வாங்கி, ஒரு இடத்தில் விரலை வைத்து, இன்னொரு தடவை என்று ஜாடை காட்டினார். பின்வரிசையில் சிரித்தார்கள் என்கிற இடம். மறுபடி படித்தேன்.

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. பேசவும் இல்லை. ஆனால் திரும்பவில்லை.

ஆகஸ்டில் வா. கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 23

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் இடம் கிடைத்ததா? நாங்கள் நலம். இந்தத் தடவை பொய் இல்லை.

நீ வந்த அன்றைக்கு ஷூவைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வாசலில் நின்றாய். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாய். அத்தான் கையைக் காட்டி நிறுத்தி, நாற்காலியைக் காட்டினார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவிடாமல் அவர் செய்தது உனக்கு வலித்திருக்கும். சொல்லியிருந்தால் உனக்குப் பாரம் இறங்கியிருக்கும், இல்லையா? அவருக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். இறக்கிவைக்கட்டும் என்று விடவில்லை. நானும் நடுவில் புகவில்லை.

இந்த மாதம்தான் மறுபடி பேச முயல ஆரம்பித்திருக்கிறார்; இரண்டு நாளும் அதில் ஒரு வார்த்தையைக்கூட நீ முடித்துக் கொடுக்கவில்லை. கவனித்தேன். நான்தான் இரண்டு தடவை பழக்கதோஷத்தில் முடித்துவிட்டு உன்னிடம் முறைப்பு வாங்கினேன். நேற்று ஏலக்கூட முதலாளி வந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். தட்டில் காபி சிந்தியது. உட்காரவைத்துவிட்டேன்.

நீ ரயிலேறிய அன்று சாயங்காலம் உன் அத்தான் என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். எவ்வளவு நேரம் ஆனது, எங்கே நின்றது என்பதெல்லாம் எழுதமாட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன், முடியும்வரை காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்:

"ரெண்டு நாளும் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தான். அடுத்த தடவை மூஞ்சியப் பாக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.

அக்கா